லோடர் ஹோஸ் ஏறவில்லையா? சுத்தியலைக் கீழே வையுங்கள்

சின்ன டிரக்டரின் முன்னால் பூட்டும் லோடரைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கூட்டெரு ஏற்ற, பெக்டரிக்கு வந்த விறகைத் தள்ள, ரோட்டில் விழுந்த மண்ணை அள்ள என்று, ஆட்கள் மண்வெட்டியோடு அரை நாள் மாரடிக்கும் வேலையை அது சீக்கிரம் முடித்துவிடும். ஆனால் அது எந்நேரமும் டிரக்டரில் இருப்பதில்லை. ட்ரெய்லர் இழுக்கும் நாளில் முன்னால் வீண் பாரம் எதற்கு என்று கழற்றி ஷெட் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். வேண்டும்போது திரும்பப் பூட்டுவார்கள். இரும்பைப் பூட்டுவது சுலபம், இரண்டு பக்கமும் பின் போட்டால் முடிந்தது. தகராறு ஹோஸில்தான் வரும். நாலு ஹோஸில் மூன்று 'டக்'கென்று ஏறிவிடும். ஒன்று மட்டும் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப என்ன வந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் சுத்தியலை எடுப்பார். இன்னொருவர் ஹோஸ் முனையை டிரக்டரின் இழுவைக் கொக்கியில் வைத்து ஓங்கிக் குத்துவார். பக்கத்தில் நிற்கும் பையன், "அண்ணே, நடுவுல இருக்கிற முளையை ஒரு ஆணியால அமுக்கிப் பாருங்க" என்று யோசனை சொல்வான். பதுளைப் பக்கம் மட்டுமல்ல, டிரக்டர் ஓடும் நாடுகளில் எல்லாம் இந்த மூன்று வைத்தியமும் நடக்கிறது. பல நேரம் ஹோஸும் ஏறிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. ஆனால் மூன்றிலும் ஒரு விரலோ ஒரு கையோ போகக்கூடிய ஆபத்து இருக்கிறது. அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கப்ளிங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஹோஸின் நுனியில் ஆண் முனையும் அது போய்ப் பூட்டும் இடத்தில் பெண் முனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ளே சுருள் கம்பி வைத்த ஒரு சின்ன வால்வு உண்டு. நாம் முளை என்று சொல்வது இதைத்தான். கழற்றியவுடன் இரண்டு முளைகளும் முன்னுக்கு வந்து வாயை அடைத்துக்கொள்ளும், ஒயில் வெளியே கொட்டாது. திரும்பப் பூட்டும்போது ஒரு முளை மற்றதைத் தள்ள, இரண்டும் உள்ளே போய் வழி திறக்கும். இவ்வளவுதான் விஷயம். தள்ளுவதற்கு வழக்கமாகச் சுருள் கம்பியின் பலம் மட்டுமே எதிர்நிற்கும். அது கைக்கு அடங்கும்.

முளைக்குப் பின்னால் ஒயில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்தால் கதை வேறு. சின்ன டிரக்டர்களின் லோடர் பொதுவாக 140 முதல் 200 பார் வரையான அழுத்தத்தில் வேலை செய்கிறது. கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். முளையின் முகம் 10 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 150 பார் நின்றால், அந்தச் சுண்டுவிரல் நுனி அளவு முகத்தில் 120 கிலோ பாரம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கையால் தள்ளப் பார்ப்பது, இரண்டு மூட்டை சீமெந்துக்கும் கூடிய பாரத்தை ஒரு விரலால் தூக்கப் பார்ப்பது போல. ஏறாததற்குக் காரணம் கப்ளிங் பழுது அல்ல, நம்மிடம் பலம் இல்லாததும் அல்ல.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? எஞ்சின் நின்றுவிட்டது, பம்ப் சுற்றவில்லை, பிறகெப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பம்ப் நின்றாலும் லோடரின் கையும் பக்கெட்டும் சிலிண்டரில் சாய்ந்து நின்றால் அந்தப் பாரமே உள்ளிருக்கும் ஒயிலை நெரித்துக்கொண்டிருக்கும். காற்றைப் போல ஒயில் அமுங்கிக் கொடுக்காது. ஒரு மூலையில் கொடுத்த அழுத்தம் மறு மூலைக்கு அப்படியே போய்ச் சேரும். இது பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 1600களில் சொன்ன விதி. ஹைட்ரோலிக் இயந்திரங்கள் எல்லாம் இதை வைத்துத்தான் ஓடுகின்றன.

இரண்டாவது காரணம் வெயில். நம் பகுதிக்கு இது முக்கியம். ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடிகாலையில் பனியும் குளிருமாக இருக்கும், பெரட்டு முடிந்து இரண்டு மணித்தியாலம் போவதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். குளிரில் கழற்றி வைத்த லோடர், அந்த வெயிலில் கறுப்பு ரப்பர் ஹோஸோடு கிடக்கிறது. உள்ளே இருக்கும் ஒயில் சூடேறி விரியப் பார்க்கும். விரிய இடமில்லை. விரிந்து கொடுக்காத குழாய்க்குள் அடைபட்ட ஒயிலில், ஒரு டிகிரி சூடு கூடினால் சுமார் 10 பார் அழுத்தம் ஏறும் என்பது கணக்கு. காலையில் 14 டிகிரி, மத்தியானம் ஹோஸ் 40 டிகிரி என்றால் 260 பார். ரப்பர் ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், ஆகவே முழுக் கணக்கும் வராது. ஆனால் கால்வாசி வந்தாலே அந்த முளையில் ஒரு மூட்டை சீமெந்தின் பாரம். "காலையில லேசாக் கழன்றது, பகல்ல ஏறமாட்டேங்குது" என்று சொல்வதன் ரகசியம் இதுதான்.

இப்போது சுத்தியல் விஷயத்துக்கு வருவோம். அடித்தால் முளை ஒரு நொடி உள்ளே போகும். அந்த நொடியில் ஒயில் ஊசி போல வெளியே பாயும். அழுத்தம் உண்மையில் இறங்கியும் விடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊசி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதத் தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும் என்கிறார்கள். கையுறை போட்டிருந்தாலும் அது தடுக்காது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, அடிபட்ட முளையின் முகம் நசுங்கி, அந்தக் கப்ளிங் அன்றிலிருந்து ஒழுக ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. அந்த ஒயில்தான் லோடரின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை வெளியே விட்டால் கை கீழே வரும். கீழே யாருடைய காலாவது இருந்தால்?

தோலுக்குள் ஒயில் போன காயம் பார்வைக்கு ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் வாசகர் மனதில் நிற்க வேண்டுமென்றால் இது நிற்கட்டும். முள் குத்தியதுபோல ஒரு சின்னப் புள்ளி, ஒரு சொட்டு இரத்தம், கொஞ்சம் மரத்த மாதிரி. அவ்வளவுதான். கவ்வாத்துக் கத்தியில் வெட்டுப்பட்டவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது காயமாகவே தெரியாது. துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் உள்ளே போன ஒயில் விரலின் நரம்பு, தசைநார் வழியே உள்ளங்கை வரை ஓடியிருக்கும். சில மணித்தியாலத்தில் விரல் வீங்கும், வலி தாங்க முடியாமல் போகும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு சதை சாக ஆரம்பிக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து அல்ல. 1937இலேயே ரீஸ் என்ற வைத்தியர், டீசல் எஞ்சினில் இருந்து பீறிட்ட எண்ணெய் உடம்புக்குள் புகுந்ததைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பெயின்ற், எண்ணெய், கிரீஸ் போன்றவை இப்படிக் கைக்குள் பாய்ந்த 435 பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் 100க்கு 30 பேருக்கு ஏதாவது ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கிறது. பாய்ந்தது பெயின்ற், தின்னர் போன்ற கடும் திரவமாக இருந்தபோது, 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து சுத்தம் பண்ணப்பட்டவர்களின் நிலை எவ்வளவோ மேல். ஒயில் அவ்வளவு கடுமையானது இல்லை என்று சிலர் ஆறுதல் சொல்லலாம். அந்த ஆறுதலை நம்பி ஒரு இரவு பார்ப்போம் என்று லயத்தில் படுத்துவிடக் கூடாது.

ஆகவே இப்படி நடந்தால் காயத்தைப் பிதுக்க வேண்டாம், கட்டிப் போட்டு மறைக்க வேண்டாம். கையை உயர்த்திப் பிடித்தபடி, சத்திரசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் அது பதுளைப் பெரியாஸ்பத்திரிதான். தோட்ட டிஸ்பென்சரியில் தகவல் சொல்லுங்கள், ஆனால் அங்கே மருந்து கட்டிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் "விரல்ல காயம்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "ஹைட்ரோலிக் ஒயில் அழுத்தத்தோட உள்ள போயிருச்சு, இத்தனை மணிக்கு" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒயில் டின்னின் லேபலைக் கொண்டு போங்கள். ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் தேத்தண்ணி, பனிஸ் எதுவும் கொடுக்க வேண்டாம். பாசத்தோடு செய்வதுதான், ஆனாலும் வேண்டாம்.

நேரம் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறோம்? லோடர் மிக அவசரமாகத் தேவைப்படும் நாள் எது? மண் சரிந்து ரோடு அடைபட்ட நாள்தான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் பாதைகள் எப்படி அடைபட்டுக் கிடந்தன என்பதையும் பார்த்தோம். அந்த மாதிரி நாளில் ஆட்கள் சுற்றி நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்பார்கள், பூட்டுகிறவரின் கை சுத்தியலுக்குத்தான் போகும். அதே நாளில்தான் பதுளைக்குப் போகும் பாதையும் மூடியிருக்கும். 6 மணித்தியாலம் என்பது அப்போது எங்கே?

வேலையில் இருக்கும்போது ஏற்பட்ட காயம் என்றால், அது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். புள்ளி போன்ற காயமாக இருந்தாலும் அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் நேரம், இடம், சாட்சியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். விரல் போன பிறகு போய் "அன்னைக்கு நடந்தது" என்று சொல்வது கஷ்டமான வழக்கு.

சரி, ஏறாத ஹோஸை என்னதான் செய்வது? முதலில் அழுத்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு லோடர் லீவரை முன்னும் பின்னும் இடமும் வலமும் நாலைந்து தரம் முழுசாக ஆட்டினால் டிரக்டர் பக்கத்து அழுத்தம் இறங்கிவிடும். சில டிரக்டர்களில் லீவரில் கரண்ட் பூட்டு இருக்கும். அதற்கு எஞ்சின் நின்றாலும் சாவியை 'ஓன்' நிலையில் வைத்துத்தான் ஆட்ட வேண்டும். ஆனால் கழன்று கிடக்கும் லோடர் பக்கத்துக்கு இந்த ஆட்டம் எதுவும் செய்யாது. அது பூட்டிய பெட்டி. லீவரை நாள் முழுக்க ஆட்டினாலும் அந்தப் பக்கத்து முளை அசையாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

லோடர் பக்கத்தில் நிற்பது வெயில் அழுத்தம் என்றால் மருந்து மிகச் சுலபம், செலவும் இல்லை. நனைத்த சாக்கை ஹோஸ் மேலும் சிலிண்டர் மேலும் போட்டு, தண்ணீர் ஊற்றி, அரை மணித்தியாலம் விடுங்கள். சூடு இறங்க அழுத்தமும் இறங்கும். அவசரமில்லை என்றால் மறுநாள் விடிகாலையில் வந்து பூட்டலாம், தானாக ஏறும்.

அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே நிற்பது பாரத்தின் அழுத்தம். இதற்கென்றே ஒரு திருகுக் கருவி விற்கிறார்கள். கப்ளிங்கின் மேலேயே அதை மாட்டித் திருகினால் முளை மூடிய இடத்துக்குள்ளேயே மெல்ல அமுங்கும், ஒயில் நம் மேல் பாயாது. நாலு டிரக்டர் இருக்கும் கராஜில் இது ஒன்று இருந்தால் நல்லது. துரையிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். அழுத்தம் இருந்தாலும் ஏறக்கூடிய விசேஷ கப்ளிங்கும் உண்டு, தேய்ந்ததை மாற்றும்போது அதைப் போடலாம். கருவி இல்லை என்றால், ஹோஸ் நட்டைத் தளர்த்தி விடும் வேலையை ஃபிட்டர் பார்க்கட்டும். லோடரின் கை தரையில் படிந்திருக்கிறதா, முட்டு சரியாக நிற்கிறதா என்று பார்த்து, கண்ணாடி போட்டு, தடித்த சாக்கால் மூடி, நட்டைக் கால் சுற்றுக்கு மேல் விடாமல், முகத்தைத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஆள் குறைவு என்று கையில் ஸ்பெனர் கிடைத்தவர் எல்லாம் செய்யக் கூடாது.

உண்மையில் ஹோஸ் பூட்டும் வேலை, லோடரைக் கழற்றும் நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அன்றைக்கு ஐந்து நிமிடம் செலவழித்தால் மேலே சொன்ன எந்தப் பாடும் இல்லை. சமதரையில் நிறுத்துங்கள். நம் மலையில் சமதரை எங்கே என்று கேட்பீர்கள். பெரட்டுக் களமோ பெக்டரி முற்றமோ போதும். அதுவும் இல்லாவிட்டால் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பக்கெட் தரையில் தட்டையாகப் படியட்டும். லோடரின் தாங்கிக் கால்களைச் சரியாகப் போட்டு, பாரம் முழுதும் தரைக்கும் கால்களுக்கும் போன பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். ஹோஸ் இன்னும் பூட்டியிருக்கும்போதே லீவரை நாலு பக்கமும் பல தரம் ஆட்டி, கடைசியில் ஃப்ளோட் என்ற நிலை இருந்தால் அதிலும் வையுங்கள். பூட்டியிருக்கும்போது ஆட்டினால்தான் லோடர் பக்கத்து ஒயிலுக்கும் போக வழி கிடைக்கும். 'ஸ்ஸ்' என்ற சத்தம் நின்ற பிறகு உடனே கழற்றுங்கள். "முதல்ல கழட்டுவோம், பிறகு ஆட்டுவோம்" என்றால் பிரயோசனமில்லை.

கழற்றியதும் முனைகளுக்கு மூடி போட்டு, ஹோஸை நிழலில் தொங்கவிடுங்கள். மூடி தொலைந்திருந்தால் சுத்தமான பொலித்தீன் பையைக் கட்டினாலும் சரி. நம் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே போனால் வால்வு, பம்ப் எல்லாவற்றையும் அரம் போலத் தேய்த்துவிடும். அப்படியே நாலு ஹோஸுக்கும் நாலு நிறத்தில் டேப் சுற்றி, அது போய்ப் பூட்டும் இடத்திலும் அதே நிறத்தைச் சுற்றிவிடுங்கள். இரண்டு ஹோஸ் கையைத் தூக்கி இறக்க, மற்ற இரண்டு பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்த. மாற்றிப் பூட்டினால் இறக்க என்று லீவரைத் தள்ளும்போது கை மேலே கிளம்பும். பக்கத்தில் நிற்பவர் அதை எதிர்பார்க்கமாட்டார்.

பூட்டும்போது இரண்டு முனையையும் துடைத்து, வளையத்தை இழுத்து, நேராகத் தள்ள வேண்டும். 'டக்' சத்தம் வந்தாலும் நம்பாமல் ஒரு தரம் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பாதி ஏறிய கப்ளிங் வெளியே பூட்டியது போலத் தெரியும், உள்ளே வழி அடைத்திருக்கும். கை மேலே போகும், கீழே வராது. அப்படி நின்றுவிட்டால் அடியில் குனிந்து பார்க்கப் போக வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ஆட்களை விலக்கி, கைக்குப் பலமான முட்டுக் கொடுத்த பிறகே கப்ளிங்கைத் தொடலாம். ஆகவே முதல் தரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆட்களைத் தூர நிறுத்தி, கையை ஒரு அடி மட்டும் தூக்கி இறக்கிப் பாருங்கள், பிறகு பக்கெட்டை ஆட்டிப் பாருங்கள். ஒயில் கசிகிறதா என்று தேட விரலால் தடவக் கூடாது. ஒரு துண்டு கார்ட்போர்ட் அட்டையை நீளக் குச்சியில் கட்டி ஹோஸ் ஓரமாக நகர்த்தினால், கசிவு இருந்தால் அட்டை நனையும். ஹோஸ் புடைத்திருந்தாலோ, ரப்பர் வெடித்து உள்ளே கம்பி தெரிந்தாலோ, டியூப் ரப்பர் சுற்றிக் கட்டி ஓட்டாமல் புது ஹோஸ் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, சில டிரக்டர்களுக்கு மட்டும். லோடரோடு சேர்த்து அதன் லீவர் வால்வும் கழன்று வரும் வகையில், பம்ப்பில் இருந்து வரும் ஹோஸும் டாங்கிக்குத் திரும்பும் ஹோஸும் டிரக்டரிலேயே தங்கிவிடும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் ஒயிலுக்குப் போக இடமில்லாமல் பம்ப் கெட்டுப்போகலாம், ஹோஸ் வெடிக்கலாம். உங்கள் டிரக்டர் அந்த வகையா என்று அதன் கைநூலில் இருக்கும். கைநூல் இங்கிலிஷில் இருந்தால் ஆபீஸில் யாரையாவது ஒரு தரம் வாசித்துச் சொல்லச் சொல்லி, லோடர் வால்வுக்குப் பக்கத்திலேயே தமிழில் பெயின்றால் எழுதி வையுங்கள்.